நீலம் ஜாஸ்தி

பிப்ரவரி 4, செவ்வாய்

தேவனாம்பட்டினத்தில் இன்று போன வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் சாத்தவில்லை, நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த சின்னையன் என்பவரிடம், எங்கள் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் செந்தமிழ்செல்வன் எழுதிக்கொடுத்த வசனத்தை ஒப்பித்தேன். "ஒண்ணர வருஷம் உங்க போன்ல எங்க 'அளவி' ஆப் இருக்கும். எதை எப்பத் தொறக்குறீங்க, எவ்ளோ நேரம் பாக்குறீங்கன்னு மட்டும்தான் எடுக்கும். என்னா பேசுறீங்க, என்னா எழுதுறீங்கன்னு எடுக்காது. மாசாமாசம் ரீசார்ஜ் நாங்க போட்டுடுவோம்."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நான் கடல்ல வலை இழுக்கறப்ப போனு பாலித்தீன் கவர்ல சும்மா கெடக்கும். அத என்னான்னு எழுதுவ?"

"பயன்பாடு இல்லைன்னு பதிவாகும்."

"அப்ப நான் தூங்குறனா, வேல செய்றனா, செத்தே போயிட்டனான்னு உனக்குத் தெரியாது. தெரியாததுக்கு எதுக்கும்மா இந்த வெயில்ல வர்ற?"

பதில் தெரிந்திருந்தால் முதலில் எனக்கல்லவா சொல்லிக்கொண்டிருப்பேன்.

மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் மாடி ஏறினால், ஏசிக்கு நேராக உட்கார்ந்திருக்கும் செந்தமிழ்செல்வன், "ஒரு ஆளுகூடக் கெடைக்கலையா மேரி? சிரிச்ச மூஞ்சியா போகணும். உன் மூஞ்சியப் பாத்தா யாரு போன நீட்டுவா?" என்கிறான். எழுதும்போதாவது 'ன்' போட்டுக்கொள்கிறேன். நேரில் சார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சிதம்பரம் வரை நின்றுகொண்டே பயணம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கீரப்பாளையம். கொளஞ்சியப்பன் என்பவர் வீடு. இரும்பு கேட், டைல்ஸ் ஒட்டிய முகப்பு, வாசலில் டிராக்டர். மூத்த மகன் அறிவுமதி சிங்கப்பூரில். இளையவன் சேரன் வேலை தேடுகிறானாம். சோபாவில் படுத்துக்கொண்டு தேடுகிறான்.

வசனத்தை முடிப்பதற்குள் கொளஞ்சியப்பன் சம்மதம் என்றார். "எனக்குப் போடாத. மருமகளுக்குப் போடு. எப்பப் பாத்தாலும் நோண்டிகிட்டே கெடக்குறா. எவ்ளோ நேரம்னு தெரியட்டும்."

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

மருமகள் பெயர் சுவேதா. பெண்ணாடத்துப் பெண். பி.எஸ்சி. கணக்கு. கையெழுத்துப் போடச் சொன்னால் படிவத்தை முதல் வரியிலிருந்து படிக்கிறாள். ஒருவரும் படித்ததில்லை. நானே முழுதாகப் படித்ததில்லை.

"இது யாருக்குப் போவும் மேடம்?"

"ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சி யாருக்குப் போவும்?"

நான் முறைத்தேன். அவள் அசரவில்லை. "நீங்க உங்க போன்ல இதப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

களப்பணியாளர் சேரக் கூடாது என்று ஒரு விதியை அங்கேயே செய்து சொன்னேன். அவள் உதட்டைச் சுழித்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு, மாமனாருக்குக் கேட்காத குரலில், "போடலன்னா எதையோ மறைக்கிறேன்னு ஆயிடும். அதான் போடுறேன்" என்றாள்.

கீ-17 என்று எண் கொடுத்தேன். திமிர் பிடித்தவள். அவள் படித்த நேரத்தில் பஸ் போய்விட்டது.

மார்ச் 5

சாம்பல் புதன். நெற்றிச் சாம்பலைப் பார்த்துவிட்டு செந்தமிழ்செல்வன், "என்னா மேரி, ஃபீல்டுல அவ்ளோ தூசியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

இன்று வெளிவேலை இல்லை. திரையில் வண்ணக் கோடுகளைப் பார்ப்பதுதான் வேலை. யார் போனில் அளவி நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பச்சை என்றால் படிப்பு. மஞ்சள் வீடியோ. சிவப்பு விளையாட்டு. நீலம் உரையாடல்.

தேவையே இல்லாமல் கீ-17ஐத் திறந்தேன். விடிவதற்கு முன் பச்சை: குரூப் ஃபோர் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் ஆப். சமையல் நேரத்தில் ஒன்றுமில்லை. மத்தியானம் நீளமாக நீலம். சாயங்காலம் கொஞ்சம் நீலம், அது அம்மாவுக்குப் பேசுவது என்று சேரும்போது அவளே சொல்லியிருந்தாள். மறுநாளும் இதேதான். அதற்கு மறுநாளும்.

மத்தியான நீலம் என்ன என்று பார்த்தால், அது உண்மையில் நீலமே இல்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாய்விட்டுக் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஆப். அதில் ஆட்கள் பேசுவதால் எங்கள் மெஷின் அதை உரையாடலில் தள்ளிவிட்டிருக்கிறது. செந்தமிழ்செல்வனிடம் சொன்னேன். "வகைய நடுவுல மாத்துனா பழைய டேட்டா பூரா கெட்டுடும். ஆறு ஊருக்கும் ஒரே அளவுகோல். வுடு."

அவள் என்னைவிட ஒழுங்காக இருக்கிறாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் குரூப் ஃபோர் எழுதுவதாக இருந்தேன்.

ஏப்ரல் 3

புது உத்தரவு. அந்த வண்ணக் கோடுகளை அச்சடித்து வீட்டுக்கு வீடு கலர் சார்ட் கொடுக்க வேண்டுமாம். "ஒண்ணும் குடுக்கலைன்னா பாதியில ஓடிடுவாங்க. ஜனங்களுக்குக் கலர் புடிக்கும்."

"யார் கையில சார் குடுக்கணும்?"

"வூட்டுல யாரு இருக்காங்களோ அவுங்ககிட்ட. கையெழுத்து மட்டும் வாங்கிடு."

ஏப்ரல் 10, வியாழன்

கீரப்பாளையம். அனல். சுவேதா கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அடிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் கேள்வி கேட்பாள். சிதம்பரம் பஸ் திரும்பும் நேரம். கொளஞ்சியப்பன் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

அவர் சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்த நீலம் என்னாம்மா?"

"உரையாடல் சார். பேசுறது."

"ஓகோ. இதான் ஜாஸ்தியா இருக்கு."

பஸ் ஹாரன் கேட்டது. ஓடினேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. அண்ணன் மரியலூர்து சிலுவைப் பாதையில் நடக்கும்போதே போனை எடுத்தான். முறைத்தேன். "உங்க ஆபீசுல எழுதி வெச்சிக்க" என்கிறான். வெறும் வயிற்றில் கோபம் நன்றாக வருகிறது.

ஏப்ரல் 28, திங்கள்

கீ-17இல் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இல்லை. அளவி ஓடுகிறது. ஆள்தான் வேறு.

பச்சை அறவே இல்லை. விடியற்காலை முழுக்க வெள்ளை. காலை டிபன் நேரம் தாண்டித்தான் திரை விழிக்கிறது. விழித்ததும் கிரிக்கெட். பிறகு பைக் ஓட்டும் விளையாட்டு, மணிக்கணக்கில் சிவப்பு. பிறகு குட்டிக் குட்டி வீடியோ. சாயங்கால அழைப்பு நின்றுவிட்டது. வாட்ஸ்அப் மட்டும் தினம் ஒரு நிமிடம் திறந்து மூடுகிறது. இரண்டு வாரமாக இப்படித்தான்.

இரண்டு வாரம். சார்ட் கொடுத்த வாரத்திலிருந்து.

புது போன் வாங்கி, பழையதைக் கொழுந்தனுக்குக் கொடுத்திருப்பாளோ? நம்பர் மாறவில்லையே. சிம் அதேதானே. பரீட்சை நெருங்கும்போது இவளாவது படிப்பை விடுவதாவது!

ஏப்ரல் 29, செவ்வாய்

செந்தமிழ்செல்வனிடம் காட்டினேன். இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை.

"ஆள் மாறிடுச்சுன்னு குறிச்சிட்டு சாம்பிள்லேருந்து தூக்கிடு."

"சார், அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு யாராவது பாக்க வேணாமா?"

"நாம என்னா போலீஸா, டாக்டரா? நாம தெர்மாமீட்டர். தெர்மாமீட்டர் ஜுரத்தக் கொறைக்குமா?"

"சார்ட் குடுத்த வாரத்துலதான் மாறியிருக்கு சார்."

அதற்குத்தான் நிமிர்ந்தான். கதவைச் சாத்தச் சொன்னான். "ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா நீ போட்டுக் குடுத்த ரகசிய ஒப்பந்தம் என்கிட்ட இருக்கு. பங்கேற்பாளரப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு இருக்கும், படிச்சுப் பாரு."

படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். நான் என்ன சுவேதாவா?

மே 5, திங்கள்

அளவியைப் புதுப்பிக்க வந்தேன் என்று பொய் சொல்லிக்கொண்டு கீரப்பாளையம் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"மருமக ஊருக்குப் போயிருக்கு. பெண்ணாடம்" என்றார் கொளஞ்சியப்பன்.

"எப்ப வருவாங்க?"

"வரப்ப வரும். நீ கெளம்பு."

டிராக்டர் மேல் உட்கார்ந்து சேரன் விளையாடிக்கொண்டிருந்தான். பைக் சத்தம். அவன் கையில் இருந்தது சுவேதாவின் போன். ஊதா உறை, ஒரு மூலையில் உடைந்தது, நானே அளவி ஏற்றிய போன். ஊருக்குப் போகிறவள் போனை விட்டுவிட்டா போவாள்? நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"இன்னும் என்னா நிக்கிற?" என்றார் கொளஞ்சியப்பன். நாயை அவிழ்த்துவிடவில்லை, அதுதான் பாக்கி.

மே 6, செவ்வாய்

சேர்க்கைப் படிவத்தில் இரண்டாவது தொடர்பு எண் என்று அம்மாவின் எண் இருந்தது. ஆபீஸ் விஷயத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். சில்வர் பீச்சுக்குப் போய் நின்று அழைத்தேன்.

சின்னம்மாள். பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர்.

"சுவேதா உங்க வீட்டுல இருக்காங்களாம்மா?"

"இங்கயா? இல்லியே. மாமியா வூட்டுல இருக்கு. பரிச்ச வருதுல்ல, பேச நேரமில்லியாம். தெனம் மெசேஜ் போட்டுடுது. எனக்குப் படிக்க வராது, பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டும்."

"என்னா போடுறாங்க?"

"'அம்மா சாப்டியா, நான் நல்லா இருக்கேன்'. அதான், தெனம் அதான்."

அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு அந்த அம்மாவே மெதுவாகக் கேட்டார்:

"என் பொண்ணு என்னிய அம்மான்னு கூப்புடாது பாப்பா. சின்னப் புள்ளையிலேருந்து 'சின்னு'ன்னுதான் கூப்புடும். எழுத்துல எழுதறப்ப அம்மான்னுதான் போடணும் போலருக்குன்னு நெனச்சிகிட்டேன். அப்படி இல்லியா?"

அப்படி இல்லைம்மா என்றேன்.

அந்த அம்மா கத்திய கத்தல் இன்னும் காதிலேயே இருக்கிறது. 

பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன். ஒப்பந்தம் நாசமாய்ப் போகட்டும்.

மே 8, வியாழன்

உதவி மையத்திலிருந்து ஒரு அம்மா, இரண்டு பெண் போலீஸ், சின்னம்மாள், நான். காலையிலேயே போய்விட்டோம்.

கொளஞ்சியப்பன் முதலில் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். பெற்ற தாயை எதிரில் வைத்துக்கொண்டு! பிறகு, உடம்பு சரியில்லை என்றார். பிறகு, "எங்க வூட்டு விசயம், மூத்தவன் தீவாளிக்கு வந்து முடிவு பண்ணுவான்" என்றார். போலீஸ்காரம்மா, "சாவி" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினார்.

மாடியில் நெல்மூட்டை அடுக்கும் அறை. வெளியே தாழ்ப்பாளும் பூட்டும். உள்ளே ஒரு பாய், ஒரு வாளி, ஒரு ஃபேன். சுவேதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். அம்மாவைப் பார்த்ததும் "சின்னூ" என்று ஒரு சத்தம்.

படியில் இறங்கும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"இவள ஏன் கூட்டியாந்தீங்க?"

"இந்தப் பொண்ணுதாண்டி கண்டுபுடிச்சிச்சு" என்றார் சின்னம்மாள்.

"கண்டுபுடிச்சாளா? இவதான் கொண்டாந்து குடுத்தா!" என் முகத்துக்கு நேரே வந்தாள். மூச்சு பட்டது. "ஒரு கலர் பேப்பர். நீலம் ஜாஸ்தியா இருக்கு, எவன்கிட்டடி பேசுறன்னு கேட்டாங்க. படிப்பு விசயம்னேன். அது பச்சையாம்ல? பச்சை தனியா இருக்காம்ல? நீலத்துக்கு என்னாடி பதிலுன்னு கேட்டாங்க. என்கிட்ட குடுக்க வேண்டியத எதுக்குடி அந்தாள் கையில குடுத்த? கொல்லையிலதானே இருந்தேன்? ஒரு கொரலு குடுக்க வாய் இல்லியா?"

இருந்தது. வாய் இருந்தது.

பஸ் போய்விடும் என்று சொல்லவா முடியும்?

மே 9

சாப்பிடவில்லை. அம்மா கேட்டாள். கத்தினேன். அம்மா என்ன செய்தாள் பாவம்.

மே 13, செவ்வாய்

செந்தமிழ்செல்வன் கையெழுத்திட்ட வேலைநீக்கக் கடிதம். பங்கேற்பாளரின் அடையாளத்தை வெளியிட்டதாகவும், மையத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகவும். வழக்குப் போடும் உரிமை அவர்களுக்கு உண்டாம்.

"தெர்மாமீட்டர் ஜுரத்தக் கொறைக்காதுன்னீங்கல்ல சார்" என்றேன். "ஜுரம் இல்லாத வூட்டுக்கு ஜுரத்தக் கொண்டுபோய்க் குடுக்குமா?"

"வெளிய போ."

"போறேன். அந்தச் சார்ட் இன்னும் எத்தினி வூட்டுக்குப் போயிருக்குன்னு நெனச்சுப் பாத்தியா?"

முதல் தடவையாக நேரிலேயே ஒருமை. பயந்தது மாதிரி தெரியவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 19, வியாழன்

கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறேன். வருகிறவர்கள் என் முகத்தை மங்கலாகத்தான் பார்க்கிறார்கள். புகார் இல்லை.

சின்னம்மாள் போன் செய்தார். சுவேதா கொடுத்த புகாருக்குப் பதிலாக அந்த வீட்டார் விவாகரத்துக்குப் போட்டிருக்கிறார்களாம். அறிவுமதி சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டானாம். நடத்தை சரியில்லை என்று ஆதாரம் வைத்திருக்கிறார்கள். என்ன ஆதாரம்? எங்கள் கலர் சார்ட். மையத்தின் முத்திரையோடு.

"கோர்ட்டுல போயி அது படிப்புதான்னு நீ சொல்லுவியா பாப்பா?"

சொல்வேன் என்றேன். அண்ணன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். "வேல போனது பத்தாதா? கேஸு வேற போடுவான் அந்த ஆளு. அவ உன்னியத் திட்டிட்டுத்தானே போனா? உனக்கு என்னா தலையெழுத்து?" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதனால்தான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன்.

ஜூலை 7, திங்கள்

சேர்க்கைப் படிவத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். அதில் ஒரு வரி உண்டு: பங்கேற்பாளர் கேட்டால் அவருடைய முழு விவரத்தையும் மையம் தர வேண்டும். வகை வாரியாக அல்ல, ஆப் வாரியாக. அதை வாங்கினால் நீலம் எல்லாம் படிப்பு என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அவள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் போதும். இதைச் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டு சிதம்பரம் போனேன். கீழ வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள்.

கூட்டம் குறையும் வரை வெளியே நிற்கவைத்தாள். பிறகு வந்தாள். 'மேடம்' இல்லை, 'அக்கா' இல்லை, ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"வேணாம்."

"ஏன்? ஒரே பேப்பர்ல முடிஞ்சிடும்."

"ஒரு பேப்பர்லதான் ஆரம்பிச்சிச்சு."

"சுவேதா, நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான்—"

"நான் படிப்பத்தான் பேசுனேன்னு காட்டுனா, சரி நல்லவதான்னு வுட்டுடுவாங்க. நாளைக்கி வேற ஒருத்தி நெசமாவே ஒரு சிநேகிதங்கிட்ட பேசியிருப்பா. அவளப் பூட்டி வெக்கலாமா? நான் யார்கிட்ட பேசுனேன்னு ஒருத்தருக்கும் காட்டப் போறதில்ல. பூட்டுனது தப்பா இல்லியா, அத மட்டும் அவுங்க சொல்லட்டும்."

"தோத்துட்டா?"

"தோத்தா என் கேஸுதானே தோக்கும்? உங்களுக்கென்னா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலையை இழந்தேன், வீட்டில் பேச்சு வாங்குகிறேன், இவளுக்காக இவ்வளவு தூரம் வந்து தெருவில் நிற்கிறேன், எனக்கென்னவாமே! நன்றி வேண்டாம், ஒரு சேர் போடக் கூடாதா?

பஸ்ஸில் வடலூர்க்காரி ஒருத்தியோடு ஜன்னலுக்குச் சண்டை போட்டேன். இறங்கும்போது அவளிடமே மன்னிப்புக் கேட்டேன். கடலூர் வந்து சேர்ந்த பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. அவளைப் பூட்டி வைக்கலாமா? இல்லை. வைக்கக் கூடாது. அப்படியென்றால் என் கையில் இருக்கும் ஆதாரம் எதற்கு ஆதாரம்?

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

ஆகஸ்ட் 15

மையத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அண்ணன் படித்துவிட்டு என் மேல் எறிந்தான். பிறகு அவனே எடுத்து ஃபைலில் போட்டான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சிதம்பரம் கோர்ட். சாட்சி.

அவர்கள் வக்கீல் சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். அறிவுமதி அப்பாவுக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை. என்னைப் பார்க்கவேயில்லை, சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிய மனைவியை அந்த அளவுக்கு உற்றுப் பார்த்திருப்பானோ என்னவோ.

"இந்த நீலம் எதைக் குறிக்குது?"

"உரையாடல்."

"யாரோட?"

தொண்டை வரை வந்தது. படிப்புடா, படிப்பு, விடியலில் எழுந்து உன் வீட்டுக்குச் சமைத்துவிட்டு மத்தியானம் படித்தாள். சுவேதா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டவில்லை. கண்ணைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"அளவி நேரத்த மட்டும்தான் எடுக்கும். யாரோடன்னு எடுக்காது."

"அப்ப யாரோட வேணாலும் இருக்கலாம்?"

"இருக்கலாம். அது அவுங்க விசயம்."

கொளஞ்சியப்பன் பக்கம் ஒரு செருமல். பிறகு சுவேதா பக்கத்து வக்கீல் கேட்டார், நான் சொன்னேன்: சார்ட்டை அவளிடம் கொடுக்காமல் மாமனாரிடம் கொடுத்தேன், அந்த வாரத்திலிருந்து போன் அவள் கையில் இல்லை, அவள் பெயரில் வேறு ஒருவன் அவளுடைய அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். சேரனைக் காட்டினேன். சின்னம்மாளின் போனில் உள்ள 'அம்மா'க்கள் எல்லாம் கோர்ட்டில் படிக்கப்பட்டன. 'அம்மா சாப்டியா.' 'அம்மா சாப்டியா.' குமாஸ்தாவின் குரல்கூட இறங்கிப்போனது. அறிவுமதி தம்பியைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இது தெரியாதோ? தெரியாவிட்டால் மட்டும்?

வெளியே வந்ததும் சுவேதா எனக்கு முன்னால் நடந்தாள். நின்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். கடைக்கு நேரமாம்.

போடி.

செப்டம்பர் 2

விவாகரத்து மனுவை அவர்களே வாபஸ் வாங்கப்போவதாகப் பேச்சாம், சமாதானம் பேசலாம் என்று ஆள் அனுப்பினார்களாம். சுவேதா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். பூட்டின வழக்கு நடக்கட்டும் என்றாளாம். சின்னம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த அம்மா சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று கோயில் முடிந்து வெளியே வரும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நாளைக்கி வாய்தா. உங்களக் கூப்புடல, அம்மாவத்தான் விசாரிக்கிறாங்க."

யார் என்று கேட்கத் தேவையில்லை. அப்படிப் பேச அவளால்தான் முடியும்.

"சரி" என்றேன். அதற்கு எனக்கு எதற்குப் போன்?

"அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கு. விருத்தாசலத்துலேருந்து சிதம்பரம் பஸ்ஸுல நின்னுகிட்டு வர முடியாது. எனக்குக் காலையில லீவு இல்ல, நேரா கோர்ட்டுக்குத்தான் வருவேன். நீங்க விருத்தாசலம் போயி அதுக்கு ஒரு சீட்டு போட முடியுமா?"

ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு, இன்று முதல் பஸ்ஸுக்கு விருத்தாசலம் போனேன். சிதம்பரம் வண்டி உள்ளே திரும்பும்போதே கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன். ஒருத்தரை இடித்தேன், ஒருத்தர் என்னைத் திட்டினார், திருப்பித் திட்டினேன். ஜன்னல் வழியாக என் துப்பட்டாவை எறிந்து, முன்பக்கத்தில் ஏறி இறங்க வசதியாக இருந்த சீட்டைப் பிடித்தேன். "ஆளு வருது, ஆளு வருது" என்று கத்திக்கொண்டே நின்றேன்.

பெண்ணாடத்து வண்டியிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாள் மெல்ல ஏறி வந்தார். உட்கார்ந்து காலை நீட்டினார். துப்பட்டாவை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அது சொல்லிச்சா உங்கிட்ட?"

"ம்."

அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.